வரிசையில் எட்டு நாள்

முதல் நாள்: டிசம்பர் 13, 2024, வெள்ளி

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறும்போதே மழை. "இந்த மழையில படம் பாக்கப் போறியாக்கும்?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தக்கலை தாண்டும்போது நண்பர் ஒருவர் கூப்பிட்டு, திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியில் வெள்ளம் என்றார். களியக்காவிளையில் மாநிலம் மாறியது, மழை மாறவில்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் நான் இறங்கினேன், குடை இறங்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70கூட வராது. இதே டிசம்பரில் சென்னையிலும் உலக சினிமா விழா நடக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்துக்காரனுக்கு விழா என்றால் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாதான். 1996இல் தொடங்கியது, இது 29ஆவது. நான் வருவது ஆறாவது முறை.

வழுதக்காட்டில் டாகூர் தியேட்டர் முன்னால் போய், கழுத்தில் மாட்டும் அட்டையையும் துணிப்பையையும் வாங்கிக்கொண்டேன். அந்த அட்டையை மாட்டிய நொடியிலிருந்து ஊரே சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிடும். ஆட்டோக்காரர் "ஏது படமா நல்லது?" என்று கேட்பார். டீக்கடைக்காரருக்கு எந்தத் தியேட்டரில் எந்த நாட்டுப் படம் என்று தெரியும்.

மாலையில் கனகக்குன்னு நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் தொடக்கப் படம், பிரேசிலின் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்'. 1971இல் ராணுவ ஆட்சி ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறது, அவர் திரும்பி வரவில்லை. மீதிப் படம் அவர் மனைவியுடையது. பத்திரிகைக்காரர்கள் குடும்பத்தைப் படம் எடுக்க வருகிறார்கள். சிரிக்காமல் சோகமாக இருங்கள் என்கிறார்கள். அவளோ பிள்ளைகளைப் பார்த்து, சிரியுங்கள் என்கிறாள். அந்த ஒரு காட்சிக்காகக் கொசுக்கடியை மறந்தேன். ஆனால் வால்டர் சாலஸ் கைதேர்ந்தவர், பெரிய இயக்குநர், அவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். நான் தேடி வந்த படம் இதுவல்ல.

இரண்டாம் நாள்

காலையில் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் மூன்றும் இருக்கும் தம்பானூர் வளாகத்தில் வரிசை. இங்கே வரிசை என்பது தனிக் கலை. முந்தின நாளே முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு வரிசை, தூங்கிப்போய் முன்பதிவைக் கோட்டைவிட்ட என்னைப்போன்றவர்களுக்கு இன்னொன்று. இரண்டாவதில்தான் நல்ல பேச்சு கிடைக்கும்.

இன்று பார்த்ததில் மனசில் ஒட்டிக்கொண்டது ஃபாசில் முஹம்மதின் 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'. பொன்னானியில் ஒரு வீடு. கணவன் மதராசாவில் பாடம் சொல்பவர். மூத்த பையன் இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறான், மெத்தை நாறுகிறது. ஃபாத்திமாவுக்கு ஒரு புது மெத்தை வேண்டும். கதை இவ்வளவுதான். அந்த மெத்தையை வாங்க அவள் எடுக்கும் ஒவ்வொரு அடியிலும் வீட்டுக்குள் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பது தானாக வெளியே வருகிறது. யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. கணவனைக்கூட வில்லனாக்கவில்லை, பார்த்துச் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். அது அவருக்குப் பெரிய தண்டனை.

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்த்து. இங்கே இடம் இல்லை என்றால் படியில் உட்காருவார்கள், அதிலும் இடமில்லையென்றால் சுவரோரம் நிற்பார்கள். வணிக வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்படாத சுயாதீனப் படம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று நம் ஊரில் எப்படியோ ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ஏழை வீடு என்றால் இருட்டு, இருமல், ஒழுகும் கூரை. ஃபாத்திமா வீட்டில் பகல் வெளிச்சம் நன்றாகவே வருகிறது. அவளுக்கு வசதி குறைவு, புத்தி குறைவில்லை. படம் எடுத்தவர் அந்த வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறார், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள்

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல்லால் கட்டிய உருளைக் கோபுரம் ஒன்று நிற்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சரிவுதான் முழு ஹோட்டலும். சுவரோரம் மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய துளைகளில் காற்று வரும். தலையில் விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் கொண்டுவரும் மசாலா தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. நாகர்கோவில் நாக்குக்கு அது சம்மதமில்லை, இருந்தாலும் விழா வாரத்தில் நாக்கைக் கேட்டு யார் சாப்பிடுகிறார்கள்.

எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் அதே அட்டை. "தமிழ்நாட்டில் நின்னாணோ?" என்றார். வடகரையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். இங்கே வாத்தியாரை மாஷ் என்பார்கள். நானும் மாஷே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். பெயர் கேட்க மறந்தே போனேன்.

பேச்சு இயக்குநர் ஜான் ஆபிரகாமில் வந்து நின்றது. திருவனந்தபுரத்தில் இரண்டு சினிமாக்காரர்கள் காபி குடித்தால் அங்கேதான் வந்து நிற்கும். ஜானை நாம் பாதி மறந்துவிட்டோம். 1977இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர் அவர்தான். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அக்ரஹாரத்தில் ஒரு கழுதைக்குட்டியை வளர்க்கப்போய் என்னவெல்லாம் ஆகிறது என்ற கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. விருது வந்தது, தியேட்டர் வரவில்லை.

அப்புறம் அவர் கேரளத்துக்குப் போய் 'ஒடேசா' என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். தயாரிப்பாளர் வேண்டாம், ஜனங்கள் காசு போடட்டும் என்றார்கள். ஊர் ஊராகப் போய்த் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பார்த்தவர்களிடம் கையேந்தினார்கள். அப்படிச் சேர்ந்த காசில் 1986இல் வந்தது 'அம்ம அறியான்'.

"ஞான் அஞ்சு ரூபாய் போட்டேன்," என்றார் மாஷ், அரைத் தமிழில். "சாப்ளின் படம் காட்டினார்கள். முடிந்ததும் ஒரு பக்கெட் வந்தது. அன்று எனக்கு அஞ்சு ரூபாய் பெரிய காசு."

"படம் பிடித்ததா மாஷே?"

கொஞ்சம் யோசித்தார். "முதல் தடவை ஒண்ணும் மனசிலாயில்லா. ஆனால் என் படம் ஆச்சே, எப்படி விட முடியும்? மறுபடியும் பார்த்தேன்."

எனக்கு இதுதான் விஷயமாகப் பட்டது. 'அம்ம அறியான்' லேசான படமில்லை. செத்துப்போன ஓர் இளைஞனின் தாயிடம் தகவல் சொல்லக் கிளம்பும் ஒருவன், வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நண்பனைச் சேர்த்துக்கொண்டே போகிறான். கடைசியில் ஒரு கூட்டமே அந்த அம்மா முன்னால் போய் நிற்கிறது. நடுநடுவே பழைய போராட்டங்கள், வேலைநிறுத்தங்கள், கடிதங்கள். புரியாவிட்டாலும் விட மனசு வராத பார்வையாளர்களை அந்த அஞ்சு ரூபாய் உண்டாக்கியிருக்கிறது.

அந்தப் படத்துக்கு எடிட்டிங் செய்த பீனா பால்தான் பின்னாளில் இந்த விழாவின் கலை இயக்குநராகப் பல வருஷம் இருந்தார். பக்கெட்டிலிருந்து இந்த வரிசை வரை கோடு நேராகவே வருகிறது.

பில் வந்தது. இந்தக் காபி ஹவுஸும் அப்படித்தான். 1950களில் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று அந்தத் தொழிலாளர்களையே கூட்டுறவாகச் சேர்த்துக் கடை நடத்த வைத்தார். மாஷ் என்னைக் காசு கொடுக்கவிடவில்லை.

நான்காம் நாள்

மூன்று படம். ஒன்று சுமார். ஒன்றில் தூங்கிவிட்டேன். மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் எரிச்சலோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

ஒரு கிழவர் நடக்கிறார். கேமரா நிற்கிறது. அவர் சட்டகத்தைவிட்டு வெளியே போன பிறகும் கேமரா நிற்கிறது. ஒரு மரம். ஒரு நாய். மறுபடி கிழவர். மெதுவாக நகரும் படங்களுக்கு நான் விரோதியல்ல, என் பிரியமான படங்களில் பாதி அப்படித்தான். ஆனால் ஒரு ஷாட் நீளமாக இருந்தால் அதற்குள் ஏதாவது ஒன்று மாற வேண்டும். வெளிச்சம் மாறலாம், நடிகர் முகத்தில் ஒரு நினைப்பு ஓடலாம், குறைந்தது நமக்கு ஒரு சந்தேகமாவது வரலாம். இதில் ஒன்றும் மாறவில்லை. மசாலாப் படத்துக்கு எப்படி ஆறு பாட்டு, நாலு சண்டை என்று ஒரு வாய்ப்பாடு உண்டோ, அதே மாதிரி விழாப் படத்துக்கும் ஒன்று உருவாகிவிட்டது. வாய்ப்பாட்டில் எடுத்தால் அப்புறம் அதில் என்ன சுயாதீனம்?

தியேட்டரில் கூவல் கிளம்பியது. பிடிக்காவிட்டால் திருவனந்தபுரத்தில் கூவிவிடுவார்கள். முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் திரும்பி, "அடங்கி இருக்கு சேட்டா, அந்த நாய் எந்தா செய்யுன்னு நோக்கட்டே!" என்றாள். நாய் என்ன செய்கிறது என்று பார்க்க விடுங்கள் என்கிறாள். எல்லோரும் சிரித்தோம். இன்றைய சிறந்த வசனம் அதுதான்.

ராத்திரி தட்டுக்கடையில் கப்பையும் மீன் குழம்பும். நாளைக்கு ஒரு தமிழ்ப் படம் இருக்கிறது.

ஐந்தாம் நாள்

இடம் கிடைக்கவில்லை.

படம் 'அங்கம்மாள்'. பெருமாள்முருகனின் 'கோடித்துணி' என்ற சிறுகதையிலிருந்து எடுத்தது. ரவிக்கை போடாத கிராமத்துக் கிழவி, டாக்டராகிவிட்ட மகன், அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் வீட்டார் வரும்போது அம்மா ரவிக்கை போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதம். அங்கம்மாளாகக் கீதா கைலாசம். இயக்கியவர் விபின் ராதாகிருஷ்ணன், மலையாளி. முன்பதிவு நொடியில் தீர்ந்துபோனது. ஒன்றேகால் மணி நேரம் இரண்டாவது வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினாறு பேர் இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே படியிலும் ஆள்.

தமிழ்ப் படத்துக்குக் கேரளத்தில் தமிழனுக்கு இடமில்லை. கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் வெளியே வந்து சுக்குத் தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்டில் 'கொட்டுக்காளி' எங்கள் பக்கத்தில் வெளியானபோது முதல் நாள் மாலைக் காட்சிக்குப் போயிருந்தேன். தலையை எண்ணினேன், முப்பதுக்குள். பாதிப் பேர் 'கருடன்' பார்த்துவிட்டு சூரிக்காக வந்த பையன்கள். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. அவள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், பேய் அதுதான். படத்தில் பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தம், காற்று, சேவல். அரைமணி போனதும் பின்னாலிருந்து, "லேய், பாட்டு எப்பம்லே வரும்?" என்று ஒரு குரல். முடிந்து விளக்குப் போட்டதும் "இவ்வளவுதானா?" என்றான் ஒருவன். அவனை நான் குறை சொல்லமாட்டேன். 'கருடன்' மாதிரி இன்னொன்றை எதிர்பார்த்து வந்தவன். அவன் ஊரில் இப்படிப் படங்களைப் பழக்கிக்கொள்ள ஒரு இடம் இருந்ததா? ஒரு திரைப்படச் சங்கம், ஒரு பக்கெட்?

எனக்குப் பிடித்ததா என்றால், பிடித்தது. ஆனால் இதை இயக்கிய வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' இன்னும் பிடிக்கும். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பனும் பையனும் வெயிலில் நடக்கிறார்கள். தாகம் தெரியாமலிருக்கப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதைப் போடும் இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. இப்படி எத்தனை தடவை நடந்திருக்கிறான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. 'கொட்டுக்காளி'யில் நடுரோட்டில் நிற்கும் காளையை இத்தனை ஆண்களால் நகர்த்த முடியாதபோது ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிப்போகும் இடம் இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் அர்த்தத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் அந்தப் பழைய அடக்கம் திரும்பி வருகிறது. சூரி நடித்த பாண்டி எதையோ பார்த்துவிட்டு நிற்கிறான். மாறுவானா, மாட்டானா? நம்மிடமே விட்டுவிட்டுப் படம் முடிகிறது.

இரண்டுக்கும் பணம் வந்த வழியைப் பாருங்கள். 'கூழாங்கல்'லை விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் கையில் எடுத்தார்கள். 'கொட்டுக்காளி' சிவகார்த்திகேயன் தயாரிப்பு. அதற்கு முன் 2018இல் 'மேற்குத் தொடர்ச்சி மலை', விஜய் சேதுபதி தயாரிப்பு. தமிழில் சுயாதீன சினிமா என்றால் பெரும்பாலும் ஒரு நட்சத்திரத்தின் நல்ல மனசு. நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் மனசு மாறினால்? செழியன் 'டூலெட்'டை வீட்டுக்குள்ளேயே காசு திரட்டி எடுத்தார், அவர் மனைவிதான் தயாரிப்பாளர். அப்படி எத்தனை வீடு தாங்கும்?

மாலையில் மாஷைப் பார்த்தேன். அவர் 'அங்கம்மாள்' உள்ளே போய்ப் பார்த்துவிட்டார். எனக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றாராம். "நல்ல படம். மொழிதான் கொஞ்சம் கஷ்டம்," என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

ஆறாம் நாள்

சிவரஞ்சினியின் 'விக்டோரியா'. முழுப் படமும் ஒரு பியூட்டி பார்லருக்குள். திரையில் ஆண் முகமே கிடையாது. இருக்கும் ஒரே ஆண், யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஒரு சேவல். (கொட்டுக்காளியிலும் கட்டிப்போட்ட சேவல். சுயாதீன சினிமாவுக்குச் சேவல்கள் நேர்ந்துவிட்டவை போல.) புருவம் திருத்த வந்தவர்கள், முடி வெட்ட வந்தவர்கள், அவர்கள் பேச்சு, நடுவில் இன்று மாலை காதலனோடு ஓடிப்போகலாமா வேண்டாமா என்று தவிக்கும் விக்டோரியா. கேமரா அந்தச் சின்ன இடத்தில் மூச்சுமுட்டாமல் உலாத்துகிறது.

இதற்குக் காசு கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடையது. பெண் இயக்குநர்களுக்கு என்று ஒரு திட்டம் வைத்து, படத்துக்கு ஒன்றரைக் கோடி கொடுக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் உண்டு. 'நிஷித்தோ', 'பி 32 முதல் 44 வரெ' எல்லாம் அப்படி வந்தவை. அரசாங்கக் காசு வாங்கினால் சுயாதீனமா என்று வரிசையில் ஒரு பையன் சண்டைக்கு வந்தான். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' 1972இல் மத்திய அரசின் நிதிக் கழகக் கடனில் வந்ததுதானே என்றேன். கடன் கொடுத்தவர் கதைக்குள் கை வைக்காதவரை என்னைப் பொறுத்தவரை அது சுயாதீனம்தான். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, கதவு திறந்தது, சண்டை பாதியில் நிற்கிறது.

ஏழாம் நாள்

இன்று படத்தைவிடப் பேச்சு அதிகம். டாகூர் வளாகத்து மரத்தடியில் ஈரானைப் பற்றி. இயக்குநர் முகமது ரசூலோஃபுக்கு எட்டு ஆண்டுச் சிறையும் கசையடியும் என்று தீர்ப்பு. இந்த மே மாதம் மலைப்பாதையில் நடந்தே நாட்டைவிட்டு வெளியேறி, ரகசியமாக எடுத்த படத்தோடு கான் விழாவில் போய் நின்றார். அதைக் கேட்ட பிறகு நம் பட்ஜெட் புலம்பலைக் கொஞ்ச நேரம் யாரும் எடுக்கவில்லை.

பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்'டை செப்டம்பரிலேயே இங்கே வந்து பார்த்திருந்தேன், மலையாளத்தில் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்ற பெயரில் ஓடியபோது. மும்பையில் நர்ஸ் வேலை பார்க்கும் பிரபாவுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. எப்போதோ போய்விட்ட கணவனாக இருக்கலாம். ராத்திரி அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி இந்த ஊர்க்காரர். அந்தக் காட்சியில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி, இந்தியா என்று ஐந்து நாட்டுக் காசு அதில். இத்தனை கதவைத் தட்டி, விண்ணப்பம் எழுதி, காத்திருந்து எடுக்க வருஷங்கள் போகும். அதுவும் ஒரு வரிசைதான்.

எட்டாம் நாள்

காலை ஒரு படம், மதியம் தூக்கம், மாலை நிசாகந்தியில் விருதுகள். ஸ்பிரிட் ஆஃப் சினிமா விருது பாயல் கபாடியாவுக்கு. சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரமும் 20 லட்சமும் பிரேசிலின் 'மாலு'வுக்கு. பெட்ரோ ஃப்ரேரே தன் அம்மாவை மனதில் வைத்து எடுத்தது. வயதாகும் நடிகை, அவள் அம்மா, அவள் மகள், மூன்று பேரும் மாறி மாறிக் கத்திக்கொள்ளும் படம். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஃபாத்திமாவுக்கு நடுவர் விருது, கூடவே பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருதும். மெத்தைக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். என் பங்குக்கு அஞ்சு ரூபாய் போட்ட மாதிரி இருந்தது.

மாஷ் கோழிக்கோடு வண்டிக்குக் கிளம்பினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். போன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை, இரண்டாவது வரிசையில் எப்படியும் இருப்பார்.

நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். குமரிக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

"சினிமா விழாவாக்கும்? எத்தன படம் பாத்திய?"

"இருவத்தி ரெண்டு."

"அம்மாடி! அதுல நம்ம படம் எதாவது உண்டுமா?"

"ஒண்ணு உண்டும் அண்ணாச்சி. இடம் கெடைக்கல."